ஒற்றை மாட்டு உழவு

இடால்மிஸ் பதினாறு வருஷம் லிப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தவள். ஹவானாவில் பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் காலையிலிருந்து மாலை வரை ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் அவள் பாடு. இரும்புக் கதவை இழுத்து மூடி, கைப்பிடியைத் திருப்ப வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது லிப்ட் நடுவழியில் நின்றுபோகும். சரிசெய்ய வந்த மெக்கானிக்தான் எவேலியோ. உள்ளே அவள், மேலே கம்பிக்கயிற்றோடு மல்லுக்கட்டியபடி அவன். முகம் தெரியாமலே பேசிப் பேசித்தான் அவர்கள் கல்யாணம் வரைக்கும் வந்தார்கள்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படி ஒரு செப்டம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஐந்து வயது மகள் லெயானிஸை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு ஒரு பழைய கிடங்கில் இடம் கொடுத்தார்கள். பதினொரு குடும்பம், நடுவில் அட்டைத் தடுப்பு, எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். ஒரு வருஷத்துக்குத்தான் என்று போனவர்கள் ஐந்து வருஷம் இருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமே என்று பயந்து பயந்து, மகள் பள்ளியிலும் ரகசியம் பேசுவதுபோலவே பேசப் பழகிவிட்டாள். ஒருநாள் பள்ளி ஆசிரியை இடால்மிஸைக் கூப்பிட்டு, "பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள். அன்றுதான் இடால்மிஸ் கிடங்கை விட்டுப் போக முடிவெடுத்தாள்.

தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பயிர் வைக்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம் அது. அவள் மனு எழுதிக்கொண்டு வந்து நீட்டியபோது எவேலியோ சிரித்தான்.

"நமக்கு ஒரு தொட்டிச் செடியவே வாடாம வெச்சிக்கத் தெரியாது. இதுல பத்து ஏக்கரா?"

"கத்துக்கலாம். நீ மட்டும் பொறக்கும்போதே லிப்ட்டு ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சா பொறந்த?"

"லிப்ட்டுக்குத் தண்ணி ஊத்த வேண்டாம் இடா."

சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டான்.

கிடைத்த நிலம் குயிரா ஊருக்குத் தெற்கே இருந்தது. ரத்தச் சிவப்பு மண். ஆனால் மண்ணைப் பார்க்க முதலில் முள்ளைக் கடக்க வேண்டும். பத்து ஏக்கரிலும் மரபூ முள் ஆளுயரத்துக்கு மேல் பின்னிப் பிணைந்து கிடந்தது. கை நுழைய இடமில்லை. முள் குத்தினால் மூன்று நாள் சீழ் வைக்கும். வெட்டினால் அடியிலிருந்து இரண்டாய்த் துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். பனைப்பலகையில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு இருவரும் முள்ளை வெட்ட இறங்கினார்கள். வெட்டிய கட்டைகளை அடுக்கி, புல்லும் மண்ணும் போட்டு மூடி, மூட்டம் போட்டுக் கரி சுட்டார்கள். முதல் வருஷம் அவர்களுக்குச் சோறு போட்டது அந்தக் கரிதான். அந்த வருஷம் முழுக்க இடால்மிஸின் தலைமுடியில் புகை வாடை போகவே இல்லை.

அடுத்த நிலத்துக்காரர் செவெரோ. அறுபது வயது, வாய் கொஞ்சம் நீளம். எவேலியோ தன் பழைய மோட்டார் சைக்கிளை அவரிடம் கொடுத்துவிட்டு ஒரு ஜோடி ஏர்மாடு ஓட்டிவந்தான். கறுப்பு மாடு மரினேரோ, பலசாலி, முரடு. செந்நிற மாடு கனேலோ, சாது. முதல் நாள் எவேலியோ கலப்பையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது செவெரோ வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினார்.

"என்ன லிப்ட்டுக்காரா, மாட்டுல பொத்தான் எங்க இருக்குன்னு தேடுறியா? பேரச் சொல்லிக் கூப்பிடுய்யா, போகும்!"

"மூணாவது மாடின்னு சொன்னா நிக்குமா?" என்றான் எவேலியோ.

செவெரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள்.

இரண்டாவது வருஷ முடிவில் நான்கு ஏக்கரில் முள் தீர்ந்திருந்தது. கறுப்பு பீன்ஸ், மரவள்ளி, வாழை. லெயானிஸுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிவிட்டு வந்ததும் சக்கரைவள்ளித் தோலை ஒரு தகரத்தில் அள்ளிக்கொண்டு கனேலோவிடம் ஓடுவாள். வயல் இந்த முனையில் நின்று அவள் "கனேலோ!" என்று கூவினால் அந்த முனையில் அது தலையைத் தூக்கும். அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்கிறதே என்று இடால்மிஸ் அடுப்படியில் நின்று சந்தோஷப்படுவாள்.

சனிக்கிழமைகளில் இடால்மிஸின் தம்பி நிவால்தோ ஹவானாவிலிருந்து வருவான். அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. இடால்மிஸ்தான் வளர்த்தாள். முப்பதை நெருங்கியும் ஒரு வேலையில் நிலைத்ததில்லை. காலிப் பையோடு வருவான், வாழைக்காயும் மரவள்ளியும் நிரப்பிக்கொண்டு போவான். வேலை என்று பார்த்தால் ஒரு மணி நேரம், மீதி நேரமெல்லாம் கதை. மச்சான் மச்சான் என்று எவேலியோவைச் சுற்றிவருவான், லெயானிஸுக்கு ரிப்பன் வாங்கிவருவான். அவன் வந்தால் வீடு கலகலவென்று ஆகிவிடும். அதற்காகவே இடால்மிஸ் எதையும் கேட்கமாட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலை மாட்டை அவிழ்க்கப் போன எவேலியோ வெகுநேரம் திரும்பவில்லை. இடால்மிஸ் காப்பியை எடுத்துக்கொண்டு தேடிப் போனாள். மரினேரோ கட்டிய இடத்திலேயே நின்று தரையைக் காலால் பறித்துக்கொண்டிருந்தது. பக்கத்து முளையில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. மூங்கில் புதருக்கு அப்பால் கழுகுகள் வட்டமிட்டன.

எவேலியோ அங்கே சட்டை இல்லாமல் நின்றிருந்தான். யாரோ ராத்திரியில் மாட்டை அறுத்துக் கறியைக் கொண்டுபோய், தலையும் தோலும் நான்கு குளம்புகளும் மட்டும் விட்டுப் போயிருந்தார்கள். சட்டையைக் கழற்றிக் கனேலோவின் முகத்தை மூடியிருந்தான்.

"புள்ள பார்த்துடப்போறா. அவளப் பிடி" என்றான்.

பிடிக்க முடியவில்லை. லெயானிஸ் தகரத்தோடு ஏற்கெனவே பின்னால் வந்து நின்றிருந்தாள்.

ஊரிலிருந்து போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். அந்த நாட்டில் சொந்த மாட்டைக்கூட நினைத்தபடி அறுக்க முடியாது. அடுத்தவன் மாட்டை அறுத்தவன் பிடிபட்டால் வருஷக்கணக்கில் கம்பி எண்ண வேண்டியதுதான். அப்படியும் கறிக்கு இருக்கும் கிராக்கியில் அது நின்றபாடில்லை. செவெரோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"நாங்கெல்லாம் மாட்டக் கட்டில் கால்ல கட்டாத குறையா காவல் இருக்கோம். உன்கிட்ட சொல்லியிருக்கணும்யா. சொல்லாம விட்டது என் தப்பு."

மரினேரோ தனியாக ஏர் இழுக்க மறுத்தது. நுகத்தடியைக் கொண்டுபோனால் எப்போதும்போலத் தன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மறுபக்கத்துக்குக் காத்திருக்கும். எவேலியோ மூன்று நாள் முயன்றான். நான்காம் நாள் நுகத்தடியைக் குடிசைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"போதும் இடா. பழைய கட்டடத்துல மெக்கானிக் எடுக்கறாங்களாம். எழுதிக் கேக்கறேன்."

"நானும் லெயானிஸும்?"

"கிடங்குல இன்னும் நம்ம இடம் காலியாத்தான் இருக்காம்."

அவள் ராத்திரிக்கு அரிசி பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

கனேலோ போன ஒன்பதாம் நாள் செவெரோவின் மனைவி வேலியோரம் வந்து, "இடால்மிஸ், உனக்கு ஹவானாவுல இருந்து போன்" என்று கூப்பிட்டாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்கள் வீட்டில்தான் போன் இருந்தது. பேசியது ஹெர்மினியா சித்தி. நிவால்தோ அவள் வீட்டில்தான் தங்கியிருந்தான்.

"நீ நல்லா இருக்கணும்டி மகராசி. உனக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். எத்தனை வருஷம் ஆச்சு நான் மாட்டுக்கறி வாசனையைப் பார்த்து! பல்லு இல்லாட்டி என்ன, நல்லா வேகவெச்சுச் சாப்பிட்டேன். போன்ல எதையும் சொல்லக்கூடாதுன்னு நிவால்தோ சொன்னான். எனக்குத்தான் மனசு கேக்கல. உன் கையால அனுப்பினது ஆச்சே."

இடால்மிஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. செவெரோவின் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னைக்கு சித்தி கொண்டாந்தான்?"

"போன வார வியாழன். ஏன்டி?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருந்துதா?"

"அமிர்தமா இருந்துது" என்றாள் சித்தி.

மறுநாள் காலை, சித்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இடால்மிஸ் பஸ் ஏறினாள். நிவால்தோ மொட்டைமாடியில் புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது.

"யாரு கூட வந்த?" என்று கேட்டாள்.

"அக்கா, நான் கத்தியத் தொடல. சத்தியமா தொடல."

"யாரு கூட வந்தன்னு கேட்டேன்."

"வரல. வழி மட்டும்தான் சொன்னேன். எங்க கட்டியிருக்கும், நாய் இருக்கா இல்லையான்னு கேட்டானுங்க. பேச்சுவாக்குல சொன்னேன்கா. அப்புறம் ஒருநாள் பொட்டலத்தக் கொண்டாந்து கையில குடுத்தானுங்க. அப்பதான் எனக்கே..."

"அப்பதான் உனக்குத் தெரிஞ்சுதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல. முன்னாடியே தெரியும்."

அந்த உண்மையை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அப்படியே திரும்பிப் போயிருப்பாள். பிறகு அவன் முகத்தில் முழித்திருக்கமாட்டாள். ஒன்பது வயதில் அம்மாவின் சவப்பெட்டி பக்கத்தில் நின்று, சாயங்காலம் சோறு யார் போடுவார்கள் என்று கேட்டவன் அவன்.

"லெயானிஸ் அந்தத் தலையப் பார்த்தாடா."

நிவால்தோ உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைத் தேற்றவில்லை.

"எவேலியோ நிலத்த விட்டுட்டு வரலாம்னு சொல்றான். நான் வரமாட்டேன். ஒரு மாடு போயிடுச்சு, அதுக்குப் பதிலா ரெண்டு கை வேணும். நீ வர்ற. பாக்கி இருக்கற முள்ளு முச்சூடும் தீர்ற வரைக்கும் அங்கதான் இருக்கணும்."

"மச்சான் என்னக் கொன்னுடுவாரு."

"அது அவன் இஷ்டம். அவன்கிட்ட நான் மறைக்கப்போறதில்ல. அவன் போலீசுக்குப் போனாலும் தடுக்கமாட்டேன்."

அன்று மாலையே மரவள்ளிக் கொல்லையில் வைத்து எவேலியோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஊர்ச் சாலையைப் பார்த்து நடந்தான். அவள் பின்னால் போகவில்லை. வரப்பில் நின்று அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தாள். அவன் பக்கம் நியாயம் இருந்தது. தம்பி பக்கம் எதுவும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்தான்.

"போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன்" என்றான். "அங்க ஒரு பெஞ்சு இருக்கு. அதுல உக்காந்தேன். என்னப்பா வேணும்னு உள்ள இருந்து ஒருத்தர் கேட்டாரு. ஒண்ணுமில்ல, கால் வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"வரச் சொல்லு. ஆனா என் மேஜையில உக்காரக்கூடாது. நான் அவன்கூடப் பேசமாட்டேன். நீயும் பேசுன்னு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்" என்றாள்.

அவன் ஹவானாவுக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதத்தைப் பற்றிப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

நிவால்தோ கருவிக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். விடிவதற்குள் எழுந்து அரிவாளும் மண்வெட்டியுமாக முள்ளுக்குள் இறங்குவான். முதல் வாரத்தில் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்துவிட்டது. இடால்மிஸ் துணியைக் கிழித்துக் கொடுத்தாள், கட்டிவிடவில்லை. தட்டைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வருவாள். எவேலியோ எதிர்ப்பட்டால் நிவால்தோ வழியை விட்டு ஒதுங்கி நிற்பான். மாமரத்தடியில் கட்டியிருந்த மரினேரோ பக்கம் போகவே மாட்டான், சுற்றுவழியாகத்தான் போவான்.

செவெரோ சின்ன நுகம் ஒன்றைச் செதுக்கிக் கொண்டுவந்தார், ஒற்றை மாட்டுக்கானது. எவேலியோ தினமும் அரை மணி நேரம் மரினேரோவுக்கு அதைப் பூட்டி, கலப்பை இல்லாமல் சும்மா நடத்திப் பழக்கினான். சில நாள் நடக்கும். சில நாள் நடுவயலில் நின்று வலது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவன் அடிக்கமாட்டான். பக்கத்தில் அவனும் நின்றுகொண்டிருப்பான்.

ஒன்றும் தெரியாதது லெயானிஸுக்கு மட்டும்தான். மாமா வேலைக்கு உதவி செய்ய வந்திருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"மாமா ஏன் வெளிய உக்காந்து சாப்பிடுது?"

"அவனுக்குக் காத்து வேணுமாம்" என்றாள் இடால்மிஸ்.

"அப்பா ஏன் மாமாகூடப் பேசமாட்டேங்குறாரு?"

இடால்மிஸ் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். லெயானிஸ் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் மாமா பக்கத்தில் கொட்டகை வாசலில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக இடால்மிஸுக்கு எல்லாம் கேட்டது.

"மாமா, அந்தத் திருடனுங்க கிடைச்சா நீ என்ன பண்ணுவ?"

நிவால்தோ கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"அவனுங்களுக்கு வழி சொன்னது நான்தான் கண்ணு."

"சும்மா சொல்லாத."

"சும்மா சொல்லல. கனேலோ எங்க கட்டியிருக்கும்னு கேட்டானுங்க. நான் சொன்னேன். உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும். உனக்குத் தெரியாம உன் பக்கத்துல உக்காந்து திங்க என்னால முடியல."

பிறகு லெயானிஸ் எழுந்து உள்ளே வந்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அவருக்குச் சோறு போட்டியா?"

"போட்டேன்" என்றாள் இடால்மிஸ். மகளைத் தொடப் போனாள். மகள் விலகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் எவேலியோ கொட்டகைப் பக்கம் போனான். மூன்று மாதத்தில் முதல் முறையாக நிவால்தோவிடம் பேசினான்.

"புள்ளைகிட்ட நீயே சொன்னியா?"

"ஆமா மச்சான்."

"மச்சான்னு கூப்பிடாத" என்றான் எவேலியோ. சற்று நின்றான். "நாளைக்குக் கிழக்கு மூலையில கரி மூட்டம் போடணும். கட்டைய அடுக்க ஒரு ஆள் பத்தாது. வெள்ளன வா."

அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டிய வார்த்தைகள் மட்டும் இருவருக்கும் நடுவே நடமாடின. இந்தக் கட்டை, அந்த மண்வெட்டி, தண்ணி, போதும். ஆகஸ்டில் ஒருநாள் மூட்டத்தின் மேல் ஓட்டை விழுந்து தீ எட்டிப் பார்த்தபோது, நிவால்தோ மண் கூடையோடு மேலே ஏறினான். மண் சரிந்து அவன் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. எவேலியோ அவன் இடுப்பைப் பிடித்து இழுத்துப் போட்டான். காலில் கொப்புளம். எவேலியோவே அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கிணற்றடியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினான். நிவால்தோ அழுதான். வலியில் அழுகிறானா என்று இடால்மிஸ் கேட்கவில்லை.

கால் ஆறும்வரை அவன் சமையலறையில் படுத்தான். லெயானிஸ் அவனைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தாள், பேசவில்லை. ஒருநாள் காலை அவன் பாயோரத்தில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தது. இடால்மிஸ் வைக்கவில்லை, எவேலியோ அப்போது வயலில் இருந்தான்.

நவம்பரில் கடைசி வேர் வந்தது. பத்து ஏக்கரும் சிவப்பாக, ஒரே விரிப்பாகக் கிடந்தது. மூலையில் நின்று பார்த்தால் மறுமூலை தெரிந்தது. மூன்று வருஷத்தில் அவர்கள் தங்கள் நிலத்தை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எவேலியோ மரினேரோவைப் பூட்டி, புது நிலத்தில் முதல் சால் ஓட்டினான். மாடு பாதி வழியில் நின்றது, வலது பக்கம் பார்த்தது, பிறகு போயிற்று. மலாங்காக் கிழங்கு நட்டார்கள். நான்கு பேரும் குனிந்து நட்டார்கள்.

மறுநாள் நிவால்தோ பையை எடுத்துக்கொண்டான்.

"இருந்துக்கோன்னு சொல்லணும்னு எதிர்பார்க்கல அக்கா" என்றான். "சொன்னாலும் இருக்கமாட்டேன். லெயானிஸ் எம்முகத்தப் பார்க்கறப்பல்லாம் அவளுக்கு அந்த விடியக்காலை ஞாபகம் வரும்."

"அங்க போய் என்ன பண்ணுவ?"

"பேக்கரியில மாவு பிசைய ஆள் கேட்டாங்களாம். கை இப்ப நல்லா உரம் ஏறிடுச்சு."

எவேலியோ வாசலில் நின்றிருந்தான். கை கொடுக்கவில்லை. ஒரு மூட்டை மரவள்ளியைக் காட்டி, "சித்திக்குக் குடு" என்றான். "நாங்க குடுத்ததுன்னு சொல்லு. இது நெசமாவே நாங்க குடுத்தது."

லெயானிஸ் வேலிவரை வந்தாள். சாலையைப் பார்த்துக்கொண்டே, "பஸ் வர்ற நேரம் மாமா. ஓடு" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் அவனிடம் பேசியது அவ்வளவுதான். அவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காலை லேசாக இழுத்தபடி ஓடினான்.

அதன்பிறகு அவன் அங்கே வரவில்லை. மாதம் ஒருமுறை செவெரோ வீட்டுக்குப் போன் வரும். பேக்கரி வேலையில் நிலைத்துவிட்டான். இடால்மிஸ் போய்ப் பேசிவிட்டு வருவாள். எவேலியோ, "எப்படி இருக்கானாம்?" என்று கேட்பான். "இருக்கான்" என்பாள். அதற்கு மேல் அவன் கேட்பதில்லை. அவன் மன்னித்துவிட்டானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டால் கிடைக்கக்கூடிய பதிலை அவள் விரும்பவில்லை.

மலாங்கா கிளம்பி இலை விரித்த சமயம், செவெரோ ஒரு காளைக்கன்றை ஓட்டிக்கொண்டு வந்து வேலியில் கட்டினார். சாம்பல் நிறம், கொம்பு இப்போதுதான் முளைவிட்டிருந்தது.

"அறுவடையில பாதிக் கிழங்கு எனக்கு" என்றார்.

"ஏர் பழகறதுக்கு எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டான் எவேலியோ.

"ரெண்டு வருஷம் வெச்சுக்க. அவசரப்பட்டா கெட்டுப்போகும்."

எவேலியோ இடால்மிஸைப் பார்த்தான். அவள் கை மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்து வாங்கினாள். கன்று வரமாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நின்றது.

"வா" என்று அதை இழுத்தாள். "இங்கதான் இருக்கணும். பழகிடும்."

அது இரண்டடி நடந்தது, மறுபடி நின்றது. அவள் கயிற்றைத் தளரவிட்டுக் காத்திருந்தாள்.